கரண்ட் போகும் ஊரில் வருஷத்துக்கு ஒரு விநாடி

கேள்வி: கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்
3 மே 2024

வீட்டில் நாலு கடிகாரம், நாலும் நாலு நேரம். ஹாலில் தாத்தா வாங்கிய பெண்டுலம். சமையலறையில் ஒற்றை செல் போட்ட குவார்ட்ஸ். மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு எழுத்து ரேடியோ கடிகாரம். அப்பாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், எச்எம்டி ஜனதா. எனக்கு ஒன்றே ஒன்று போதும். வருஷம் முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு விநாடிக்கு மேல் தப்பக் கூடாது, நடுவில் எதையும் பார்த்துத் திருத்தவும் கூடாது. வீட்டிலேயே முடியுமா, என்ன செலவாகும்? "போன்லயே நேரம் இருக்கே" என்று சொல்ல வருகிறவர்கள் அடுத்த இழைக்குப் போகலாம்.

4 மே 2024, காலை

பதிலுக்கு முன், முதலில் கணக்கு. ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 15 லட்சம் விநாடி. அதில் ஒன்றுதான் தப்பலாம் என்றால் பத்து லட்சத்தில் 0.03 பங்கு. நாளுக்கு ஒரு விநாடி தப்பும் கடிகாரம் பத்து லட்சத்தில் 11.6 பங்கு தப்புகிறது. நீங்கள் கேட்பது அதைவிட 365 மடங்கு கறார். உங்கள் வீட்டு நாலில் ஒன்றுகூடக் கிட்டே வராது. ஆனால் நாலும் நாலு காரணத்தால் தப்புகின்றன, அதைப் பார்க்காமல் ஐந்தாவதை வாங்க வேண்டாம்.

சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அலை. அந்த மாதிரி ரேடியோ கடிகாரம் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அலையை எண்ணியே ஓடும். 60 எண்ணினால் ஒரு விநாடி என்று பழகியது, நம் 50-இல் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். நான் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தபோது மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் வளைகுடா போய்வந்த வீடுகளிலிருந்து இந்தப் புகார் மாதாமாதம் வரும். "புது கடிகாரம், அதுக்குள்ள கெட்டுப்போச்சு" என்பார்கள். உள்ளே 50-க்கு மாற்ற ஒரு சுவிட்சோ ஒரு இணைப்போ இருக்கும். உங்களுடையது மணிக்கணக்கில் தப்பவில்லை என்றால் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது மின்கட்டமைப்பின் போக்கில் ஓடுகிறது, அதைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. நாளுக்கு 15, 20 விநாடி தப்பினால் அந்த வயதுக்கு நல்ல ஆரோக்கியம். படுக்க வைத்தால் ஒரு வேகம், சாவி கீழே இருக்கிற மாதிரி நிற்க வைத்தால் இன்னொரு வேகம். பகலில் கையில் முந்துகிறதா, ராத்திரி பிந்துகிற பக்கமாக வையுங்கள். பழைய வாட்ச் கடைக்காரர்கள் கஸ்டமரிடம் சொல்லி அனுப்பும் வைத்தியம் இதுதான்.

சமையலறைக் குவார்ட்ஸின் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். 2-ஐ 15 தடவை பெருக்கினால் வரும் எண். அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அதற்காகவே அந்த எண். 25 டிகிரி வாக்கில்தான் அது தன் வேகத்தில் ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் பிந்தத்தான் செய்யும், முந்தாது. 38 டிகிரியில் பத்து லட்சத்தில் ஐந்தாறு பங்கு, நாளுக்கு அரை விநாடி. அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தால் இன்னும் கூடும். கத்திரி வெயிலில் நம் ஊர் சுவர்க் கடிகாரம் எல்லாமே ஒரே பக்கமாகத் தப்புவதற்கு இதுதான் காரணம்.

4 மே 2024, இரவு

காலையில் விட்டது.

மின்சாரத்தின் அலை விநாடிக்குச் சரியாக 50 இருக்கும் என்பது ஏட்டுச் சுரைக்காய். இப்போதைய விதிப்படி 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே இருக்க வேண்டும். சராசரியாக 49.95-இல் ஒரு நாள் ஓடினால் ரேடியோ கடிகாரம் 86 விநாடி பிந்தும். ஒரு காலத்தில் தென்னிந்தியக் கட்டமைப்பு தனியாக இருந்தது, 49-ஐ ஒட்டியே தள்ளாடும். 49 ஹெர்ட்ஸில் நாளுக்கு 29 நிமிடம் கிட்டப் போச்சு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்தார்கள். கட்டமைப்பு பெரிதாக ஆக ஆட்டம் குறைந்தது.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2018 தொடக்கத்தில் கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் நடந்த மின்சார இழுபறியில் அலை குறைந்து, ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்த வகைக் கடிகாரங்கள் ஆறு நிமிடம் பிந்தின.

5 மே 2024

"1 பிபிஎம் என்றால் நாளுக்கு ஒரு விநாடி" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. நாளுக்கு 86,400 விநாடி, அதில் ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 0.0864 விநாடி. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

7 மே 2024

பெண்டுலத்தை மறந்துவிட்டு போய்விட்டேன் என்று கும்பகோணத்துக்காரர் கோபித்துக்கொண்டார்.

பெண்டுலத்துக்கு எஜமான் பூமி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. லண்டனில் சரிபார்த்த பெண்டுலக் கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து தஞ்சாவூரில் மாட்டினால் நாளுக்கு 2 நிமிடம் 12 விநாடி பிந்தும். நான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த எண் இது. இதை முதலில் கண்டவர் பிரெஞ்சுக்காரர் ஜான் ரிஷே. 1672-இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயென் போனவருக்குக் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமி உருண்டை அல்ல, நடுவில் பெருத்தது என்ற பேச்சு சூடுபிடித்ததில் அந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு.

இதை அடியில் உள்ள திருகு சரிசெய்துவிடும். திருகு சரிசெய்யாதது சூடும் ஈரமும். இரும்புக் கம்பி என்றால் 10 டிகிரி ஏறினால் நாளுக்கு 5 விநாடி பிந்தும். மரக்கம்பி சூட்டில் அவ்வளவு நீளாது, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடிக்கும்.

திருகைத் தொடுவது முரட்டு வேலை. கால் மீட்டர் நீளப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே நாளுக்கு மூன்று நிமிடம் போய்விடும். லண்டன் பிக் பென்னில் பெண்டுலத்தின் மேல் பழைய பென்னிக் காசு வைத்துத்தான் திருத்துவார்கள், ஒரு காசுக்கு நாளுக்கு 0.4 விநாடி முந்தும். செல்லாத நாலணா வீட்டில் கிடக்குமே, குண்டின் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் பெண்டுலம் சின்னது, ஒரு காசு கூடுதலாகவே வேலை செய்யும்.

8 மே 2024, இரவு

"எங்க ஊர்ல எல்லாரும் மோட்டார் போட்டா கரண்ட் ஃப்ரீக்வென்சியே இறங்கிடும்" என்று நீடாமங்கலம் நண்பர்.

இறங்குவது வோல்டேஜ். டியூப் லைட் மங்குவதும் மிக்ஸி முனகுவதும் அதனால்தான். ஃப்ரீக்வென்சி உங்கள் ஊர் சமாச்சாரம் இல்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இணைந்த ஜெனரேட்டர் அத்தனையும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. நீடாமங்கலத்து மோட்டார் அத்தனையையும் சேர்த்துப் போட்டாலும் அந்த எண்ணில் நாலாவது இலக்கம் அசைந்தால் ஆச்சரியம். நாடே சேர்ந்தால்தான் அசையும். 2020 ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தோமே, அன்று 30,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கி, அலை 49.70-க்கும் 50.26-க்கும் நடுவே ஆடியது.

அளந்து பார்க்க ஆசை இருந்தால், சின்ன 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும். 230-ஐ நேராகத் தொடுகிற சர்க்யூட் எதையும் இங்கே நான் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை அலை குதிப்பது தெரியும், ஏனென்றால் மின் உற்பத்தியை 15 நிமிடத் துண்டுகளாகத்தான் திட்டமிடுகிறார்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு 50 போடும். என்னுடைய பழைய இன்வெர்ட்டர் போட்டது 50.6. மழைக்காலத்தில் ரேடியோ கடிகாரம் பிந்தாமல் முந்தினால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

10 மே 2024

சரி, தப்பு எவ்வளவு என்று எதை வைத்து அளப்பது?

அலை எண்ணும் ஃப்ரீக்வென்சி கவுண்டர் வாங்கினேன், எட்டு இலக்கம் காட்டுகிறது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். இலக்கம் காட்டுவது வேறு, தெரிந்து சொல்வது வேறு. கவுண்டருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல்தான் இருக்கிறது, அதுவும் உங்கள் அறைச் சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கவுண்டர் காலையில் ஒரு எண்ணும் மதியம் ஒரு எண்ணும் சொல்லும். அளக்கப்பட்ட ஆசிலேட்டர் (சீராக அலை தரும் சர்க்யூட்) பாவம், அப்படியே இருந்தது.

வெளியிலிருந்து ஒரு ஆதாரம் வேண்டும். மலிவானது ஜிபிஎஸ் மாட்யூல், சில நூறு ரூபாய். விநாடிக்கு ஒரு பல்ஸ் வெளியே தரும் கால் (பின்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் அந்தக் காலை வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். நல்ல வானம் தெரிந்தால் அந்தப் பல்ஸ் நூறு நானோவிநாடிக்குள் இருக்கும். யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும் நேரத்தை நம்ப வேண்டாம், அதில் மில்லிவிநாடிக் கணக்கில் தாமதம் வரும், அதுவும் ஒரே அளவில் வராது.

அலையைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் இருக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஜிபிஎஸ் பல்ஸ் வரும்போதெல்லாம் படம் தொடங்கும்படி டிரிகர் வைத்து, 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரின் அலையைத் திரையில் பாருங்கள். அலை மெல்ல நகரும். ஒரு முழு அலை நகர 100 விநாடி ஆனால் தப்பு நூறு கோடியில் ஒரு பங்கு. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்.

ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் என்ன செய்தோம்? டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏடிஏ என்ற அழைப்புக்குறியில் 10 மெகாஹெர்ட்ஸில் நேரம் ஒலிபரப்பியது. இன்று அதே 10-இல் ராத்திரி கேட்பது சீனாவின் BPM என்ற நேர நிலையம். அதன் உலக நேர டிக் வேண்டுமென்றே 20 மில்லிவிநாடி முன்னாலேயே வரும், அங்கிருந்து நம் ஊருக்கு நாலாயிரம் கிலோமீட்டர் வர இன்னொரு 13, 14 மில்லிவிநாடி. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் "ஜிபிஎஸ் தப்பு" என்று வாதாடியவரை எனக்குத் தெரியும்.

12 மே 2024

முந்தாநாள் ராத்திரி சூரியப் புயல், லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததாம். அமெரிக்காவில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் விதைப்பை நிறுத்தின. என் பதிவிலும் பல்ஸ் வழக்கத்தைவிட ஆடியது. நமக்குத்தான் டிராக்டர் பிரச்சினை இல்லையே, டிரைவர் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார்.

13 மே 2024

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. புயல் எப்போதோ வருவது, நம் ஊர் ஜிபிஎஸ்காரர்களுக்கு நிரந்தர எதிரி வேறு. காந்தப் புவிநடுக்கோடு (பூமியின் காந்தப்புலத்துக்கு நடுக்கோடு) நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் போட்டது அதற்காகத்தான். டெல்டா அதற்கு ரொம்பப் பக்கம். சூரியன் மறைந்த பிறகு நள்ளிரவு வரை, முக்கியமாக மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பும். அதன் வழியே வரும் சிக்னல் மினுங்கும், சில செயற்கைக்கோள் காணாமலே போகும். ஐரோப்பியர்கள் போடும் வரைபடத்தைப் பார்த்து "எனக்கு மட்டும் ஏன் ராத்திரி எட்டு மணிக்குக் கெடுது" என்று மாட்யூலை மாற்றாதீர்கள். ஒற்றை அலைவரிசை மாட்யூல் எதை வாங்கினாலும் கெடும். ராத்திரி எடுத்த எண்ணை நம்பாமல் விடிகாலை எண்ணை எழுதிக்கொள்வது என் வழக்கம்.

ஆன்டெனாவைத் தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள், நனைந்த மட்டை சிக்னலைக் குடிக்கும். மொட்டைமாடியில் நட்டநடுவில். காக்கை வந்து உட்காரும், அது பரவாயில்லை.

19 மே 2024

இழை எங்கேயோ போகிறது, நானும் போகிறேன். மயிலாடுதுறை ஆசிரியர் ஒருவர்: "அந்தக் காலத்தில் நிழலைப் பார்த்தே நேரம் சொன்னார்கள், 12 மணிக்கு உச்சி. இத்தனை கருவி எதற்கு?"

ஐயா, 12 மணிக்கு உச்சி வருவது வருஷத்தில் மிகச் சில நாள்தான். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கும்பகோணம் அதற்கு மேற்கே இருப்பதால் பன்னிரண்டரை நிமிடம் பின்னால். அதோடு சூரியனே வருஷம் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. கூட்டிக் கழித்தால் கும்பகோணத்து உச்சி ஐப்பசியில் 11:56-க்கும் மாசியை ஒட்டி 12:27-க்கும் வரும். திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் அரைவட்டமாக நிழல்கடிகாரம் இருக்கிறது, கையில் கடிகாரத்தோடு போய்ப் பாருங்கள். அது காட்டுவது தப்பில்லை, அது வேறு நேரம்.

நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்குமே உச்சியில் 2 நிமிடம் 50 விநாடி வித்தியாசம். இந்திய நேரம் வருவதற்கு முன் ரயிலுக்கு மெட்ராஸ் நேரம் என்று ஒன்று ஓடியது, இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் கிட்டப் பின்னால். ராகு காலத்தையும் இதில் இழுக்க வேண்டாம் என்று பார்த்தேன், இருந்தாலும் சொல்கிறேன். பகலை எட்டாகப் பங்கிடுவது சூரிய உதயத்திலிருந்து. காலண்டரில் அச்சடித்த ஒன்றரை மணி நேரம் ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டது. ஜூனில் அது சரியாக வராது. நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 விநாடி என்று கறாராகப் பிரித்த ஊரில் ராகு காலத்தை மட்டும் ரவுண்டாக விட்டுவிட்டோம்.

20 மே 2024

"உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடுமாமே, பெரிய கோயில் விமானத்தில் வைத்தால்?"

ஓடும். விமானம் 216 அடி, 66 மீட்டர் வாக்கில். ஒரு மீட்டர் ஏறினால் ஐன்ஸ்டைன் கணக்குப்படி பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு வேகம் கூடும். உச்சியில் வைத்த கடிகாரம் அடியில் உள்ளதைவிட நாளுக்கு 0.6 நானோவிநாடி முந்தும். அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்குக்காரர் 2005-இல் பழைய சீசியம் அணுக் கடிகாரங்களைக் குடும்பத்தோடு காரில் ஏற்றி ரெய்னியர் மலைக்குப் போய்த் திரும்பி, 22 நானோவிநாடி முந்தியதை வீட்டிலேயே அளந்து காட்டினார். நம் டெல்டாவில் ஏற மலை இல்லை. கொடைக்கானலுக்குப் போனால் நாளுக்கு 20 நானோவிநாடி கிட்டக் கிடைக்கும். சீசியம் யாரிடமாவது இருந்தால் பெட்ரோல் என் செலவு.

2 ஜூன் 2024

விஷயத்துக்கு வருவோம். என்ன வாங்கலாம்?

டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் வைத்த மாட்யூல், இருநூறு ரூபாய்க்குள். உள்ளேயே சூட்டை அளந்து கிரிஸ்டலைத் திருத்திக்கொள்ளும். தயாரிப்பாளர் சொல்வது பத்து லட்சத்தில் 2 பங்கு, வருஷத்துக்கு ஒரு நிமிடம். நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும்.

அடுத்தது அடுப்பு வைத்த கிரிஸ்டல், ஓசிஎக்ஸ்ஓ. கிரிஸ்டலை ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுபது, எண்பது டிகிரியில் மாறாமல் வைத்திருக்கும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுகளில் இருக்கும், காயலாங்கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நல்லது ஒன்றின் வேகம் நாளுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மெல்ல நகரும். இது அற்பமாகத் தெரியும், ஆனால் நகர்வு சேர்ந்துகொண்டே போகும். முதல் நாள் கனகச்சிதமாக வைத்தாலும் வருஷ முடிவில் 0.58 விநாடி. கும்பகோணத்துக்காரர் கேட்ட ஒரு விநாடிக்குள் வருகிறது, ஆனால் அது காகிதத்தில்.

ஏனென்றால் ஓசிஎக்ஸ்ஓவை அணைக்கவே கூடாது. அணைத்துப் போட்டால் பழைய இடத்துக்கே திரும்பாது, சற்றுத் தள்ளி நிற்கும், மறுபடி அடங்க வாரக்கணக்கில் ஆகும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டல்கூட ஆகாது. நான் பேட்டரியிலிருந்தே நேராக ஓட்டுகிறேன், கரண்ட் இருக்கும்போது சார்ஜர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். சூடான பிறகு இது 2, 3 வாட்தான் தின்னும், நம் ஊர் வெக்கையில் இன்னும் குறைவு. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி வடிய ஒரு பகல், ஒரு ராத்திரி தாங்கும்.

அது சாதாரணக் கரண்ட் கட்டுக்கு. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கடிகாரத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால் இரண்டு வாரம் இழுத்திருக்கும். வீட்டில் ஒரு லைட், ஒரு செல்போன் சார்ஜ், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு ஃபேன். யாரிடம் போய் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்று சொல்வது? கடிகாரத்தைப் பிடுங்கிவிட்டேன். வருத்தமில்லை.

9 ஜூன் 2024

கிரிஸ்டலுக்குச் சூடு மாறாத இடம் வேண்டும். பாரிஸ் வானாய்வகத்தில் 28 மீட்டர் ஆழத்து நிலவறையில் கடிகாரம் வைத்தார்கள். இங்கே 28 அடி தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும்.

என்னுடைய மாற்று: நெல் குதிர். டிஎஸ்3231-ஐ ஒரு டப்பாவில் அடைத்து, ஒயரை மட்டும் வெளியே விட்டு, ஒரு முழத்துக்குக் கீழே புதைத்தேன். நெல் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. பகல் வெயில் நாலு விரல்கடை உள்ளே போவதற்குள் பாதிக்கு மேல் செத்துவிடும், ஒரு முழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். வெளியே மேசைமேல் இருந்தபோது என் மாட்யூலின் வேகம் காலைக்கும் மாலைக்கும் தாவிக்கொண்டிருந்தது. குதிருக்குள் போனதும் நாளுக்கு 40 மில்லிவிநாடி முந்தும் என்று ஒரே பேச்சு. அடுத்த வாரமும் அதே 40.

நன்றாகக் காய்ந்த நெல்லாக இருக்க வேண்டும், ஈரநெல் தானே சூடேறும். ஒயரை எலி கடிக்கும், இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

10 ஜூன் 2024

"40 முந்துகிறதே, அதைத் திருத்தவில்லையா?"

திருத்தவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன்.

கும்பகோணத்துக்காரர் முதல் நாளே "திருத்தக் கூடாது" என்றார். நானும் தொட மாட்டேன். நோட்டில் எழுதிக்கொள்வேன்: நாளுக்கு 40 முந்துகிறது. நூறு நாள் கழித்து நேரம் வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்த்து 4 விநாடியைக் கழிப்பேன். கப்பல்களில் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரத்தை இப்படித்தான் நடத்தினார்கள். நடுக்கடலில் முள்ளைத் திருப்புவது கிடையாது, தினமும் எவ்வளவு தப்பும் என்று துறைமுகத்திலேயே எழுதி வாங்கி, அதை மனக்கணக்கில் கழித்துத்தான் தீர்க்கரேகை கண்டார்கள். நாளுக்கு 5 விநாடி தப்பும் குரோனோமீட்டர் நல்ல குரோனோமீட்டர், என்றும் அந்த 5 மாறாமல் இருந்தால். இன்று 1, நாளை மைனஸ் 2, மறுநாள் 3 என்று ஓடுவது சராசரியில் சரியாக இருந்தாலும் உதவாது.

உலக நேரத்தின் கதையும் இதுதான். எந்த ஒரு கடிகாரமும் உலக நேரத்தை நேராகக் காட்டுவதில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களில் உள்ள நானூற்றுச் சொச்சம் அணுக் கடிகாரங்களின் கணக்கைப் பாரிஸ் பக்கத்தில் உள்ள சர்வதேச அளவைகள் நிறுவனம் வாங்கி, சராசரி போட்டு, உங்களுடையது போன மாதம் இத்தனை நானோவிநாடி தப்பு என்று ஒவ்வொருவருக்கும் சொல்லும். டெல்லி ஆய்வகத்துக்கும் அந்தச் சீட்டு மாதாமாதம் வரும்.

11 ஜூன் 2024

முந்தாநாள் எழுதியதில் ஒரு இடம் அவசரம். "அதே 40" என்பது வாரக்கணக்கில்தான். வருஷக்கணக்கில் கிரிஸ்டலுக்கு வயதாகும். வருஷத்துக்குப் பத்து லட்சத்தில் 0.3 பங்கு மெல்ல மாறினால்கூட, நோட்டுக் கணக்கு வருஷ முடிவில் 4, 5 விநாடி தப்பும். ஆக குதிரும் நோட்டும் இருநூறு ரூபாய் மாட்யூலை 5 விநாடிக்குள் கொண்டுவரும், ஒரு விநாடிக்குள் கொண்டுவராது. முதல் ஆறு மாதம் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு வயதாகும் வேகத்தையும் எழுதி வைத்தால் இன்னும் நெருங்கலாம்.

எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 1966-இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஆலன் ஒரு அளவை தந்தார். வழக்கமான திட்டவிலக்கம் இங்கே வேலைக்கு ஆகாது, அலைந்துகொண்டே போகும் எண்ணில் அதிகம் அளக்க அளக்க அது வளர்ந்துகொண்டே போகும். ஆலன் அடுத்தடுத்த வேகங்களின் வித்தியாசத்தைப் பார்த்தார். குவார்ட்ஸ் விநாடிக்கணக்கில் நன்றாக இருந்து நாள்கணக்கில் கெடும், ஜிபிஎஸ் விநாடிக்கணக்கில் ஆடி நாள்கணக்கில் அசையாது. இரண்டையும் கட்டிப்போட்டால் அதுதான் ஜிபிஎஸ் கட்டுப்பாட்டு ஆசிலேட்டர். கும்பகோணத்துக்காரர் விதிப்படி அது ஏமாற்று.

16 ஜூன் 2024

லீப் விநாடி வந்தால்? பூமியின் சுற்றோடு ஒத்துப்போக உலக நேரத்தில் சேர்க்கும் கூடுதல் விநாடி அது. கடைசியாக வந்தது 2016 டிசம்பர் 31, நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5:30-க்கு முந்தைய நொடி. மார்கழிக் கோயில் மைக் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. 1972-லிருந்து 27. 2035-க்குள் இதைக் கைவிடுவதாக 2022-இல் முடிவெடுத்திருக்கிறார்கள். வந்தால் நோட்டில் ஒன்று எழுதுங்கள், கடிகாரத்தின்மேல் பழி போடாதீர்கள்.

3 நவம்பர் 2024

ருபிடியம் அணுக் கடிகாரம் வாங்கலாமா என்று பலர் தனியாகக் கேட்கிறார்கள். பழைய மொபைல் கோபுரங்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். மாதத்துக்கு லட்சம் கோடியில் 50 பங்கு நகர்ந்தாலும் வருஷத்துக்கு நூறில் ஒரு விநாடிதான் தப்பும், கேட்டதைவிட நூறு மடங்கு நல்லது. முன்பெல்லாம் நானும் "வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பேன். இப்போது யோசிக்கிறேன். பத்துப் பதினைந்து வாட் தின்னும், உள்ளே விளக்கு இருக்கிறது, அதற்கு ஆயுசு உண்டு, எத்தனை வருஷம் எரிந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. விண்வெளியில் இருப்பதே சாகிறது. நம் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ வழிகாட்டிச் செயற்கைக்கோளில் மூன்று ருபிடியமும் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01-இல் உள்நாட்டில் செய்த ருபிடியம் போனது.

காயலாங்கடை ஓசிஎக்ஸ்ஓ, அதற்கென்று ஒரு தனிப் பேட்டரி, முதலில் வேகத்தை அளக்க ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு நாற்பது பக்க நோட்டு. என் பதில் அவ்வளவுதான். செலவு மூவாயிரம், நாலாயிரத்துக்குள் முடியும், அதில் பாதி பேட்டரிக்கு.

19 ஜனவரி 2025

கும்பகோணத்துக்காரர் எழுதியிருக்கிறார். பெண்டுலத்தில் நாலணா வைத்தாராம், நாளுக்கு 20 விநாடி பிந்தியது இப்போது 3 விநாடி முந்துகிறதாம். "எடுத்துவிடவா?"

எடுக்காதீர்கள். அந்த 3 அப்படியே நிற்கிறதா என்று பங்குனி வரை எழுதுங்கள். சம்பா அறுத்து நெல் வந்ததும் குதிரில் இடம் பிடித்து வையுங்கள், அதற்கு வீட்டில் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.